ஒரு லிட்டருக்கு 35 கிராம்: வகுப்பறையில் கடலின் அடர்த்தி

குமரி மாவட்டத்தின் குழித்துறையாறு தேங்காய்ப்பட்டணத்தில் கடலோடு சேரும் பொழிமுகத்தை மழைக்காலத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: செம்மண் கலங்கலோடு வரும் ஆற்றுநீர், கடலில் விழுந்ததும் கலந்து காணாமல் போய்விடாது. வெகுதூரம் வரை கடலின் மேலே தனியாகப் படர்ந்து கிடக்கும். ஆற்றில் வரத்து குறையும் கோடையில் நிலைமை மாறும். கடல்நீர் ஆற்றின் அடித்தரையை ஒட்டி மேல்நோக்கி ஏறும். மேலே அள்ளிய தண்ணீர் சப்பென்று இருக்கும்போதே, அடியில் மொண்டது உப்புக் கரிக்கும். கேரள எல்லைக்கு அப்பால் நெய்யாறு கடலில் சேரும் பூவாறிலும் இதே கதைதான்.

இரண்டுக்கும் காரணம் அடர்த்தி. நிறையைக் கன அளவால் வகுக்க வேண்டும் என்று ஏழாம் வகுப்பிலேயே பிள்ளைகள் படித்துவிடுகிறார்கள், கணக்கும் போடுகிறார்கள். அந்தக் கணக்குக்கும் ஊர்ப் பொழிக்கும் தொடர்பு உண்டு என்பதுதான் வகுப்பில் விட்டுப்போகிறது. அதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் காட்டிவிடுவது எளிது.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். நம் பக்கத்து வெயிலில் 30 டிகிரி இருக்கும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரின் எடை சுமார் 996 கிராம். அதே சூட்டில் ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1022 கிராம். வித்தியாசம் வெறும் 26 கிராம், ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான். உப்பு ஒரு பக்கம் என்றால் சூடு இன்னொரு பக்கம். கடல்நீரை 30 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குக் குளிரவைத்தால் லிட்டருக்கு 3 கிராம் எடை கூடும். கிலோவுக்கு 4 கிராம் உப்பைக் கூடுதலாகச் சேர்த்தாலும் அதே அளவுதான் கூடும். உலகக் கடல்களின் ஆழத்து நீரோட்டங்களை நடத்துவது இந்தச் சில கிராம் வித்தியாசங்கள்தான். அதனால் வகுப்பறைச் சோதனையிலும் உப்பை அளந்து போட வேண்டும், அள்ளிப் போடக் கூடாது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. அடர்த்தி என்றதும் எல்லாரும் செய்வது முட்டைச் சோதனை. நல்ல தண்ணீரில் முட்டை மூழ்கும், உப்புத் தண்ணீரில் மிதக்கும். 'கடலில் இப்படித்தான்' என்று முடித்துவிடுவார்கள். கடலில் அப்படி இல்லை. புது முட்டையின் அடர்த்தி சுமார் 1.08 (அதாவது லிட்டர் அளவுக்கு 1080 கிராம்), கடல்நீருக்கோ 1.02தான். குளச்சல் கடற்கரையில் மொண்டு வந்த நீரில் புது முட்டையைப் போட்டால் நேராக அடிக்குத்தான் போகும். மிதக்க வேண்டுமானால் லிட்டருக்கு 120 கிராமாவது உப்பு வேண்டும். கடலைப்போல் மூன்றரை மடங்கு. அது கடல் அல்ல, நம் மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்துப் பாத்தியில் பாதி வழி காய்ந்த நீர். முட்டை பழசாக இருந்தால் உள்ளே காற்றறை பெருத்திருக்கும். அது இன்னும் குறைந்த உப்பிலேயே மிதந்து, கணக்கை மேலும் குழப்பும். கடற்கரைப் பிள்ளை ஒருவர் வீட்டிலிருந்து கடல்நீர் கொண்டுவந்து சரிபார்த்துவிட்டால் ஆசிரியர்பாடு திண்டாட்டம்தான். சொல்லப்போனால் அந்தத் திண்டாட்டத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்: ஏன் மிதக்கவில்லை, எவ்வளவு உப்பு போதும்?

தண்ணீர் தயாரிப்பு

கடல்நீரின் உப்பளவு கிலோவுக்குச் சராசரி 35 கிராம். கிலோவுக்கு என்பதைக் கவனிக்கவும். 965 கிராம் தண்ணீரில் 35 கிராம் உப்பு. ஒரு லிட்டர் தண்ணீர் முழுவதிலும் 35 கிராமைப் போட்டால் கிட்டத்தட்ட 34தான் வரும். வகுப்புக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் பெரிய பிள்ளைகளிடம் அதையே ஒரு கணக்காகக் கொடுக்கலாம். தராசு இல்லாத பள்ளியில், அரை லிட்டருக்கு விளிம்போடு வழித்த மூன்று டீஸ்பூன் பொடியுப்பு போதும். ஒரு டீஸ்பூன் பொடியுப்பு சுமார் 6 கிராம். கல்லுப்பைக் கரண்டியால் அளக்கவே கூடாது. பரல்களுக்கு நடுவே காற்று இருப்பதால் அதே கரண்டியில் எடை குறையும். எவ்வளவு குறையும் என்பதும் பரலுக்குப் பரல் மாறும். கல்லுப்பு மட்டுமே இருந்தால் பலசரக்குக் கடையில் 35 கிராம் நிறுத்து வாங்கிக் கொள்ளலாம்.

கடைப் பொடியுப்பில் கட்டிபிடிக்காமல் இருக்க ஒரு பொருள் சேர்த்திருப்பார்கள். அதனால் கரைசல் பால் கலந்ததுபோல் லேசாக மங்கும். அரை மணி நேரம் அசையாமல் வைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்தெடுத்தால் போதும். இந்தக் காத்திருப்பில் இன்னொரு வேலையும் முடியும். உப்பு கரையும்போது தண்ணீர் அரை டிகிரி அளவுக்குக் குளிரும், அது மறுபடி அறைச் சூட்டுக்கு வந்துவிடும். இரண்டு பாத்திரங்களையும் முந்தைய நாளே ஒரே மேசையில் வைத்துவிடுவது இன்னும் நல்லது. சூட்டில் வித்தியாசம் இருந்தால், நடப்பது உப்பாலா சூட்டாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நிறத்துக்குக் கேசரிப் பவுடர், பேனா மை, சொட்டுநீலம் எது வேண்டுமானாலும் ஆகும். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலப் பொடி மட்டும் வேண்டாம். அது கரையாது, தூளாகத் தொங்கி நின்று தானே அடியில் படியும். உப்பே இல்லாத தண்ணீரிலும் நீலம் கீழே இறங்குவதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டால், அதன்பிறகு எதையும் நம்ப மாட்டார்கள்.

ஸ்ட்ராவில் ஓர் அடர்த்திமானி

20 செ.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் ஸ்ட்ரா ஒன்று. அடிவாயில் எம்-சீல் அல்லது களிமண் வைத்துத் தண்ணீர் புகாமல் அடைத்து, மேல்வாய் வழியாகச் சிறிய ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளே போட வேண்டும். நல்ல தண்ணீரில் நிமிர்ந்து மிதந்து, 16, 17 செ.மீ. வரை அமிழும்போது நிறுத்திக்கொள்ளலாம். நீர்மட்டம் தொடும் இடத்தில் அழியாத மார்க்கரால் மெல்லிய கோடு. பிறகு 35 கிராம் கரைசலில் விட்டு இரண்டாவது கோடு.

இரண்டு கோடுகளுக்கும் நடுவே 4 மி.மீ.தான் இருக்கும். பல ஆசிரியர்கள் இதைப் பார்த்துச் சோதனை தோற்றுவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். தோற்கவில்லை, கடல் அவ்வளவுதான். அமிழ்ந்த நீளத்தில் நாற்பதில் ஒரு பங்குதான் வித்தியாசமாக வரும். தடித்த ஸ்ட்ராவாக மாற்றினாலும் இடைவெளி கூடாது. நீளமான ஸ்ட்ராவாக இருந்தால்தான் கூடும். ஏன் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொன்னால் போட்டுவிடுவார்கள்.

ஸ்ட்ரா பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் அளவு தப்பும். வாய் அகன்ற பாத்திரம் வேண்டும். மேல்பகுதியை அறுத்த இரண்டு லிட்டர் பாட்டில் பொருத்தமாக இருக்கும். ஸ்ட்ராவின் மேல் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் கொஞ்சம் தூக்கிக் காட்டும். ஒரு முறை விரலால் துடைத்துவிட்டு விட வேண்டும். களிமண் ஊறிக் கரைந்தால் எடை மாறிவிடும், அதனால் ஒரே நாளில் வேலையை முடித்துவிடுவது நல்லது. உப்பளங்களில் 'டிகிரி' (சூடு அல்ல, உப்புநீரின் செறிவு) பார்க்கும் கண்ணாடி மானியும் இதே வேலையைத்தான் செய்கிறது. பாத்தியில் உப்பு விளையத் தொடங்கும் 25 டிகிரி என்பது சுமார் 1.2 அடர்த்தி.

தடுப்பை உருவினால் என்ன ஆகும்?

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் என்றால் இதைச் செய்யலாம். வேண்டியது 30 செ.மீ. நீளமுள்ள, நிறமில்லாத பிளாஸ்டிக் டப்பா அல்லது சிறிய மீன்தொட்டி. நடுவே ஒரு தடுப்பு. கெட்டியான பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை டப்பாவின் உள் அகலத்துக்குச் சரியாக வெட்டி, மூன்று ஓரங்களிலும் வாஸ்லினைத் தாராளமாகத் தடவி இறக்கினால் கசிவு அடங்கும். ஒரு பக்கம் நிறமில்லாத நல்ல தண்ணீர், மறுபக்கம் நிறம் சேர்த்த 35 கிராம் கரைசல்.

நிரப்புவதில்தான் பெரும்பாலும் கெடும். ஒரு பக்கத்தை முழுதாக நிரப்பிவிட்டு மறுபக்கத்துக்குப் போனால் தடுப்பு வளைந்து கசியும். மட்டம் ஒரு விரல்கடை ஏறியிறங்கி இருந்தாலும், உருவியவுடன் உயரமான பக்கத்திலிருந்து தண்ணீர் பாயும். அடர்த்தியால் பாய்ந்ததா மட்டத்தால் பாய்ந்ததா என்று தெரியாமல் போகும். இரண்டு பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே அளவுக் குவளையால் ஊற்றி 10 செ.மீ. உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அலைவு அடங்க ஒரு நிமிடம் விட வேண்டும்.

உருவுவதற்கு முன் எல்லாரும் தங்கள் நோட்டில் ஒரு படம் வரைய வேண்டும், என்ன நடக்கும் என்று. இதை விட்டுவிட்டால் சோதனை வெறும் வேடிக்கையாகிவிடும். பாதிப் பேர் எல்லாம் கலந்து ஒரே நிறமாவதாக வரைவார்கள்.

தடுப்பை நேராக மேலே, தயங்காமல், ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். நிறநீர் அடித்தரையோடு சரிந்து, முன்தலை சற்றுப் பருத்து, நல்ல தண்ணீருக்கு அடியில் ஓடும். நல்ல தண்ணீர் அதே நேரத்தில் மேலே எதிர்த்திசையில் ஓடும். வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 8 செ.மீ.; 15 செ.மீ. தூரத்தை இரண்டு வினாடியில் கடந்துவிடும், அதனால் செல்போனில் மெதுவோட்டமாகப் படம்பிடித்து மறுபடி பார்ப்பதே வசதி. முட்டி மோதித் திரும்பி, சிறிது நேரம் அசைந்து, கடைசியில் கீழே நிறமும் மேலே தெளிவுமாக இரண்டு அடுக்கு நிற்கும். எல்லை கோடு கிழித்ததுபோல் இருக்காது, கொஞ்சம் கலந்த ஒரு பட்டையாக இருக்கும். பொழியிலும் அப்படித்தான்.

இங்கே ஒரு நல்ல கேள்வி உண்டு. உப்பை 35 கிராமிலிருந்து 5 கிராமாக, ஏழில் ஒரு பங்காகக் குறைத்தால் வேகமும் ஏழில் ஒரு பங்காகுமா? ஆகாது. வினாடிக்கு 3 செ.மீ. அளவில் நிற்கும். வேகம் அடர்த்தி வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைத்தான் பின்பற்றும். இவ்வளவு சிறிய வித்தியாசத்துக்கும் தண்ணீர் ஓடத்தான் செய்கிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பதே போதும், வர்க்கமூலம் அவர்களுக்குப் பிறகு வரட்டும்.

டப்பாவை நிழலில், ஆட்டாமல் வைத்தால் மறுநாள் காலையிலும் அடுக்கு தெரியும். எல்லைப் பட்டை மட்டும் சில செ.மீ. அகன்றிருக்கும். தானாகக் கலப்பது அவ்வளவு மெதுவானது. கடலில் கலக்குவது அலையும் காற்றும் ஏற்றவற்றமும். டப்பாவிலும் ஒரு கரண்டியை எடுத்துக் கலக்கிப் பார்க்கலாம்: மேலோட்டமாகக் கலக்கினால் மேலடுக்கு மட்டும் சுழலும், அடி அசையாது.

இதே டப்பாவில் தமிழ்நாட்டின் வடக்கெல்லையில் உள்ள பழவேற்காடு ஏரியையும் காட்டலாம். முகத்துவாரம் மணலடித்து மூடிக்கொண்ட கோடையில் ஏரிநீர் ஆவியாகி, கடலைவிட உப்பு ஏறிவிடும். அப்போது கனமான நீர் ஏரியின் பக்கம். ஒரு பக்கம் 35, மறுபக்கம் 50 கிராம் என்று வைத்து உருவச் சொன்னால், அடியில் எது எந்தப் பக்கம் ஓடும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

நிற ஐஸும் ஒரு தப்புக் கணக்கும்

தண்ணீரில் நிறம் கலந்து ஐஸ் டிரேயில் உறையவைக்க வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி டம்ளர்கள், ஒவ்வொன்றிலும் 300 மி.லி., இரண்டும் அறைச் சூட்டில். ஒன்றில் மட்டும் 10 கிராம் உப்பு. இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு நிறக்கட்டி. எதில் முதலில் உருகும்?

வகுப்பில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "உப்புத் தண்ணியிலதான் டீச்சர். குல்ஃபிக்காரர் ஐஸ்ல உப்பு போடுவார்லா?" நியாயமான பதில், ஆனால் தப்பு. நல்ல தண்ணீரில்தான் முதலில் உருகும், அதுவும் நன்றாகத் தெரியும் அளவுக்கு முந்தி.

டம்ளரைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும். நல்ல தண்ணீரில், கட்டியின் அடியிலிருந்து நிறம் இழை இழையாகக் கீழே இறங்கும். உருகிய நீர் குளிர்ந்தது, சுற்றியுள்ள நீரைவிடக் கனம், அதனால் இறங்குகிறது. அது விட்ட இடத்துக்கு வெதுவெதுப்பான நீர் ஏறி வந்து கட்டியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். சிறிது நேரத்தில் டம்ளர் முழுக்க நிறம். உப்புத் தண்ணீரிலோ உருகிய நீர் குளிர்ந்ததுதான், ஆனால் அதில் உப்பு இல்லை. 30 டிகிரி குளிர்ச்சி தரும் கனத்தைவிட 33 கிராம் உப்பு தரும் கனம் பல மடங்கு. எனவே அது இறங்க முடியாமல் மேலேயே தங்கி, கட்டியைப் போர்வைபோல் சுற்றிக்கொள்ளும். கீழே உள்ள சூடு கட்டியை எட்டாது. மேலே இரண்டு விரல்கடை நிறம், கீழே தெளிந்த நீர்.

குல்ஃபிக்காரர் செய்வது வேறு. அவர் ஐஸின் மேலேயே உப்பைக் கொட்டி உருகுநிலையைக் குறைக்கிறார். இங்கே ஐஸைச் சுற்றி 30 டிகிரி நீர் ஏராளமாக இருக்கிறது. அந்தச் சூடு கட்டிக்குப் போய்ச் சேரும் வழி எது என்பதுதான் கேள்வி. பிள்ளையின் பதிலைத் தப்பு என்று தள்ளாமல், இந்த இடத்தைத் தனியாகப் பேசுவது நல்லது.

டம்ளரைத் தொட்டாலோ ஆட்டினாலோ போர்வை கலைந்துவிடும். மேசைமேல் கை ஊன்றி எட்டிப் பார்ப்பவர்கள்தான் இதற்கு முதல் எதிரி. நிறம் குறைவாக இருந்தால் இழைகள் தெரியாது. டம்ளருக்குப் பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றை நிறுத்தினால் தெரியும்.

ஐஸ் கட்டியை வெளியே எடுத்ததும், தண்ணீரில் போடுமுன், ஒருமுறை கையில் வைத்துப் பார்க்கச் சொல்லவும். ஓரமெல்லாம் வெளுத்து, நிறம் நடுவில் திரண்டிருக்கும். தண்ணீர் உறையும்போது, கரைந்திருப்பதைத் தன் படிகத்திலிருந்து வெளியே தள்ளுகிறது. ஓரம் முதலில் உறைய, நிறம் நடுவுக்கு ஒதுங்குகிறது. அண்டார்க்டிகாவைச் சுற்றிக் கடல் உறையும்போதும் இதே வேலை நடக்கிறது: பனிக்கட்டி உப்பைத் தள்ளிவிட, அடியில் உள்ள நீர் உப்பும் குளிரும் கூடி, கனத்து, ஆழத்துக்கு இறங்குகிறது. அந்த நீர் கடலடியோடு வடக்கே பரவி இந்தியப் பெருங்கடலுக்குள்ளும் வருகிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே மேல்நீர் 28, 29 டிகிரியில் இருக்கும்போதும், 2000 மீட்டர் ஆழத்தில் சுமார் 3 டிகிரிதான் இருப்பது துருவப் பக்கங்களில் இறங்கிய குளிர்நீரால்தான்.

காற்று அடித்தால் அடிநீர் மேலே வருமா?

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, கன்னியாகுமரியிலிருந்து கேரளக் கரை நெடுக மேல்நீர் சில டிகிரி குளிர்ந்துவிடும். ஆழத்து நீர் மேலே வருவதால் அது. அதோடு வரும் உரச்சத்தில் நுண்பாசி பெருகும். அதைத் தின்னச் சாளையும் நெத்திலியும் கூடும்.

டப்பாவில் இதற்கு இரண்டு அடுக்கு வேண்டும். அடியில் நிறம் சேர்த்த உப்புநீர் 4 செ.மீ., மேலே நல்ல தண்ணீர் 3 செ.மீ. நல்ல தண்ணீரை நேராக ஊற்றினால் எல்லாம் கலந்துவிடும். மீன்பெட்டியிலிருந்து உடைத்த தெர்மாகோல் துண்டு ஒன்றை மிதக்கவிட்டு, அதன்மேல் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் அடுக்கு கலையாது. டிரிப்ஸ் குழாய் கிடைத்தால் இன்னும் நல்லது.

உப்பு இங்கே லிட்டருக்கு 5 கிராம்தான். 35 கிராம் போட்டால் அடியடுக்கு மிகவும் கனத்து, காற்று எவ்வளவு அடித்தாலும் அரை செ.மீ. சரிவதோடு நின்றுவிடும், பிள்ளைகள் ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள். பிறகு ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து, ஒரு முனையிலிருந்து மேற்பரப்பை ஒட்டிக் கிடையாக ஊத வேண்டும். மேல்நீர் மறுமுனைக்குத் தள்ளப்பட்டுக் குவியும். காற்று வரும் முனையில் நிறநீர் சரிவாக ஏறி மேற்பரப்பை எட்டும். ஊதுவதை நிறுத்தினால் அடுக்கு ஊசலாடித் திரும்பும். தண்ணீர்ப் பக்கம் மின்சாரம் என்பதால் டிரையரை ஆசிரியர்தான் பிடிக்க வேண்டும், ஈரக் கையோடு தொடக் கூடாது. மேசை விசிறி என்றால் காற்று போதாது, உப்பை 2 கிராமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இந்த மாதிரியில் ஒரு குறை உண்டு, அதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. டப்பாவில் காற்று போகும் திசையிலேயே நீர் போகிறது. நம் கடலில் அந்தக் காலத்தில் காற்று கரையோடு ஒட்டித் தெற்கு நோக்கி வீசும். பூமி சுழல்வதால் வடகோளத்தில் மேல்நீர் மொத்தமாகக் காற்றுக்கு வலப்பக்கம், அதாவது மேற்கே, கரையை விட்டு விலகும். விலகிய இடத்தை நிரப்பத்தான் அடிநீர் ஏறுகிறது. சுழற்சியை மேசைமேல் உள்ள டப்பா காட்டாது. வலப்பக்கம் ஒதுங்குவதை ஒரு படத்தில் அம்புக்குறி போட்டுத்தான் காட்ட வேண்டும்.

நேரம் மிச்சம் இருந்தால், உண்மையான கடல்நீர் 100 மி.லி. எடுத்து, துணியில் வடிகட்டி, எடை பார்த்த எவர்சில்வர் தட்டில் வெயிலில் காயவைக்கலாம். மூன்றரை கிராம் சுற்றுவட்டாரத்தில் தேறும். கொஞ்சம் கூடுதலாக வந்தால் ஈரம் போகவில்லை என்று பொருள்; கடலுப்பில் உள்ள மக்னீசிய உப்புகள் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், மழைமூட்ட நாளில் தட்டு காயவே காயாது. பொழிக்குப் பக்கத்தில் எடுத்த நீரில் குறையும். எங்கே, எந்த மாதம், ஏற்றத்திலா வற்றத்திலா எடுத்தது என்று பாட்டிலின் மேலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். ஜூன், ஜூலையில் மேற்குக் கரையில் அலை கரையேறி அடிக்கும். நீர் மொள்ளப் பிள்ளைகளை அனுப்பாமல், துறைமுகத்தின் உள்பக்கத்திலிருந்து பெரியவர் ஒருவரைக் கொண்டு எடுத்துக்கொள்ளலாம்.